செவுத்தோட இருக்கற பெட்டி

விளம்பரம் நான் போடலீங்க தம்பி. அத மொதல்லயே சொல்லீர்றேன். அப்பறம் நீங்க ஒண்ணு நெனைச்சுக்கிட்டு, நான் ஒண்ணு நெனைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது பாருங்க. எம்பொண்ணு தாரணி போட்டிருக்கா. ஐதராபாத்துல உக்காந்துக்கிட்டே போட்டுட்டு, "அப்பா, ஒருத்தரு வருவாரு, காட்டுங்க"ன்னு காலைல போன்ல ரெண்டே வார்த்தை. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது ஆடும். இப்படி வாங்க.

அதுல என்னன்னு போட்டிருக்கா? படிங்க பாக்கலாம். "தண்ணீரில் குளிரும் கம்ப்யூட்டர் கேபினெட். கையால் செய்தது. வாங்குபவரே கழற்றி எடுத்துச் செல்ல வேண்டும்." கையால் செய்ததுன்னு போட்டிருக்கா பாருங்க, யாரு கைன்னு போடல. போகட்டும். நாலு பேரு வந்து பாக்கட்டும்னுதான் போட்டிருக்கா. அவளுக்கு அதுல பெருமைங்க. வாயில சொல்ல மாட்டா, அவங்கம்மா மாதிரி.

பாக்கலாம், பாக்கலாம், அவசரப்படாதீங்க. சும்மா போயிப் பாத்தா இரும்புப் பெட்டியாத்தான் தெரியும். அது எப்படி வந்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாத்தாத்தான் அதனோட அருமை தெரியும். காப்பி குடிப்பீங்கல்ல? நானே போட்டர்றேன். எங்கூட்டுக்காரியும் ஊர்ல இல்லீங்க.

நான் பம்ப் கம்பெனில டெஸ்டிங் செக்‌ஷன்ல இருந்தவன். செஞ்சு முடிச்ச பம்ப்பு கடைசீல எங்கிட்டத்தான் வரும். தொட்டில எறக்கி, அழுத்தம் ஏத்தி, ஒரு சொட்டு கசிஞ்சாலும் திருப்பி அனுப்பீருவேன். சரி பண்ணி மறுக்கா வந்துதுன்னா மொதல்ல இருந்து பூரா டெஸ்டும் ஆகோணும். பாதில இருந்து பண்ற பேச்சே கெடையாது. தேவராஜண்ணன் தொட்டில எறங்குன பம்ப்பு கரையேறாதுன்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டுமே. நான் கையெழுத்துப் போட்டு அனுப்புன பம்ப்பு ஒண்ணு கூட திரும்பி வந்ததில்லீங்க.

போன வருசம் ரிட்டையர் ஆனேன். தாரணி அப்ப வீட்டுல இருந்தே வேலை பாத்துக்கிட்டிருந்தா. விளம்பரத்துல சோப்பு தானா எந்திரிச்சு டான்ஸ் ஆடுதே, பிஸ்கட்டு கண்ணடிக்குதே, அதெல்லாம் இவ பண்றது. நெம்பக் கெட்டிக்காரி. படத்தப் பூரா பண்ணி முடிச்சு கம்ப்யூட்டர் கிட்ட விட்டர்றது, அது ராத்திரி பகலா உக்காந்து ஒவ்வொரு படமா வரைஞ்சு தள்ளும். ரெண்டரிங்னு சொல்லுவா. உங்களுக்குத் தெரியும், நான் எதுக்குச் சொல்லிக்கிட்டு. சித்திரை வெயில்ல அந்த மெஷின் சூடாகி சூடாகிப் படுத்துக்கும். இவ பக்கத்து மூடியக் கழட்டி விட்டுட்டு டேபிள் ஃபேன அதும் மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டு, தான் வேர்க்க வேர்க்க உக்காந்திருப்பா.

எனக்குப் பாவமா இருந்துதுங்க. காத்தடிச்சா இது ஆகாது கண்ணு, எஞ்சினத் தண்ணி வெச்சுத்தானே ஆத்தறாங்கன்னேன். அவ உடனே ஃபோன்ல ஒரு வீடியோ காட்டுனா. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன், கம்ப்யூட்டருக்குள்ள கண்ணாடி மாதிரி ட்யூப்பு, அதுல பச்சக் கலர்ல தண்ணி ஓடுது. "இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாதுங்கப்பா"ன்னா. பம்ப்பும் பைப்பும் எனக்குக் கட்டுப்படியாகாதான்னு கேட்டேன். சிரிச்சா. "சரி, பண்ணுங்க பாப்போம்"ன்னா. அந்த வார்த்தைய அவ சொன்னாங்க. நானா வலிய ஆரம்பிக்கல.

சர்க்கரை போதுங்களா?

அவ கேபினெட்டு ஒண்ணு. உக்கடத்துல பழைய சாமான் கடைல அதே அளவுல இன்னொண்ணு புடிச்சேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, இதோட வலப்பக்கத் தகடையும் அதோட இடப்பக்கத் தகடையும் அறுத்து எடுத்துட்டு, ஒண்ணா சேத்து ரிவெட் அடிச்சேன். ஒரு அறைல போர்டு, கார்டெல்லாம். இன்னொரு அறைல பம்ப்பு, தண்ணி டேங்க். நடுவுல தகடு வெச்சு ரப்பர் குடுத்து அடைச்சுட்டேன், தண்ணி இந்தப் பக்கமே இருந்துக்கும். பட்டறை மரியதாஸுன்னு எனக்கு சிநேகிதன், அவன் கட்டிங் மெஷின குடுத்தான், கூடவே புத்தியும் குடுத்தான். "ஏண்ணா, நட்டு போல்ட்டு போட்டா நாளைக்குப் பிரிக்கலாம்ல, எதுக்கு ரிவெட்டு?"ன்னான். பிரிக்கறதுக்காடா சேக்கறோம்னேன். மரியதாஸுக்கு எப்பவுமே அரைகுறை வேலைதான்.

பம்ப்புக்கு மட்டும் கரண்டு தனியாக் குடுத்தேன். கம்ப்யூட்டர் ஓடாட்டியும் தண்ணி மட்டும் தனியா ஓடும். அது டெஸ்டிங்காரன் புத்தி. அதே மாதிரி படம் வரையற கார்டு மேல சூடு ஆத்த ஒரு ஃபேனும் வெள்ளைத் தகடும் இருந்துதுல்ல, அத எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு உள்ள தண்ணி ஓடற காப்பர் பிளாக்க உக்கார வெச்சேன். தாரணி அத எங்கடான்னு தேடுனா. "ஃபேன வெச்சிருக்கலாம்லப்பா, எப்பவாச்சும் வேணுமுங்கல்ல"ன்னா. தண்ணி வந்தப்பறம் ஃபேன் எதுக்கு கண்ணுன்னேன்.

ஓடுச்சு பாருங்க. சத்தமே இல்லீங்க. அவ கன்னத்தப் பெட்டி மேல வெச்சுப் பாத்துட்டு, "அப்பா, சில்லுன்னு இருக்குதுங்கப்பா"ன்னா. சின்னக் கொழந்தைல குடத்துல அப்படித்தான் கன்னத்த வெச்சுக்குவா. எனக்கு அன்னைக்கு சோறே எறங்கல, அத்தன சந்தோசம்.

அதோட விட்டிருக்கலாம்னு எங்கூட்டுக்காரி சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும்? சூடான தண்ணிய ஆத்தற ரேடியேட்டர் ரூமுக்குள்ளயே இருந்துதுங்க. ஒரு ரூமுக்குள்ள எடுக்கற சூட்ட அதே ரூமுக்குள்ள கொட்டுனா அது எங்க போகும்? அதனால செவுத்துல ஓட்டை போட்டு, ரேடியேட்டர வடக்காலச் சந்துல நெழல்ல மாட்டி, பைப்ப உள்ள கொண்டாந்தேன். பைப்பு ஆடக் கூடாதுல்ல, சிமெண்ட்டு வெச்சுப் பூசியாச்சு. பம்ப்பு அதிர்வுல பெட்டி நகந்தா பைப்பு ஒடியும். அதனால பெட்டிக்கு அடில ஆங்கிள் குடுத்து செவுத்தோட போல்ட்டு அடிச்சு இறுக்கியாச்சு. ஒண்ணுத்துக்கொண்ணு, ஒண்ணுத்துக்கொண்ணு, பாருங்க. எல்லாத்துக்கும் காரணம் இருக்குது. ஐதராபாத்துல ஏதோ இண்டர்வியூ நல்லாப் பண்ணிருக்கேன்னு அவ சொன்னதும் அதே வாரந்தான். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. செவுத்துல ஓட்டை போடறப்ப அவ வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. தூசி, தள்ளி நில்லு சாமின்னேன். அவ நகரல.

அம்சவேணிதான், எங்கூட்டுக்காரி, அன்னைக்கு ஒண்ணு கேட்டா. "ஏனுங்க, இதக் கழட்டோணும்னா எப்படிக் கழட்டறது?"ன்னா. எதுக்குக் கழட்டோணும்னேன். "கழட்டற மாதிரி எதையுமே பண்ணத் தெரியாதுங்களா உங்களுக்கு?"ன்னா. அவ அப்படித்தான், வேலை நடக்கறப்ப சம்பந்தமில்லாமப் பேசுவா. நல்லவதான். கல்யாணமான புதுசுல அவளுக்கு சேலத்துப் பக்கம் டீச்சர் வேலை வந்துதுங்க. இங்க சிறுவாணித் தண்ணிய விட்டுட்டு எதுக்கு அங்க போயி அலையோணும்னேன். மறு பேச்சுப் பேசலீங்க. அந்த மாதிரி ஒரு புரிதல் எங்களுக்குள்ள.

வாசல் கேட்டப் பாக்கறீங்களா? நாந்தான் பூட்டுனேன். தொறந்து கெடந்தா மாடு வந்து செடியப் பூரா மேஞ்சுபுடுது. நீங்க போறப்ப தொறந்து விடறேன், சாவி இங்கதான் எங்கயோ வெச்சேன்.

அப்பறம் தாரணி, அந்த ஐதராபாத்து வேலை கெடைச்சுருச்சுன்னா. சின்ன ஸ்டுடியோவாமா. ஆனா நல்ல படமெல்லாம் பண்றாங்களாம். யாரா இருந்தாலும் சொந்த மெஷினோடதான் வரோணுமாம். ஆனில சேரோணும்னா. நான் வேண்டாம்னு சொல்லலீங்க. அத நல்லா வெளங்கிக்குங்க. ஒரு நாளும் எம்பொண்ணப் பாத்து நீ போகாதேன்னு என் வாயால சொன்னதில்ல. அங்க தண்ணி உப்புத்தண்ணி கண்ணு, மெஷினுக்கு ஆகாதேன்னு மட்டும் சொன்னேன். "நீங்க ஊத்தறது டிஸ்டில்டு வாட்டர்தானுங்கப்பா, அது எல்லா ஊர்லயும் கெடைக்கும்"ன்னா. அதுவும் சரிதான்னேன். கழட்டிக் குடுத்தர்றேன், பைப்ப அறுத்து, எடுத்துட்டுப் போற மாதிரி சின்னதா மாத்தித் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். அம்சவேணி சாட்சி.

பிரிச்சுப் பாத்தா ஒரு ஜாயிண்ட்டுல ஈரம். தொட்டா வெரல்ல ஒட்டுது. அதோட எப்படிங்க அனுப்பறது? ரயில்ல ஒரு ஆட்டம் ஆடுனா உள்ள தண்ணி எறங்கி அவ்வளவும் போச்சு. ஜாயிண்ட்ட மாத்துனேன். மாத்துனா மொதல்ல இருந்து டெஸ்ட் பண்ணோணும். பண்ணேன். முடியறப்பப் பாத்தா தண்ணில வெள்ளையா பொடி மெதக்குது. ரேடியேட்டர் அலுமினியம், பிளாக்கு காப்பர், ரெண்டும் ஒரே தண்ணில இருந்தா ஒண்ண ஒண்ணு அரிக்கும். அது எனக்கு மொதல்லயே தெரியுமுங்க. தெரிஞ்சுதான் போட்டேன், வீட்டுல இருக்கற வரைக்கும் நாம பாத்துக்கலாம்னு. ஊருக்குப் போகுதுன்னா காப்பர் ரேடியேட்டர்தான் வேணும். அதத் தேடி அலைஞ்சேன். கெடைச்சது பெரிசா இருந்துது. மறுக்கா பிரிச்சேன்.

ஆனி போயிருச்சு. அவங்க ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாசம் தள்ளி வாங்குனா. நான் என்ன பண்றது, வேலைன்னா சுத்தமா இருக்கோணும். ஆடி பொறந்துருச்சு. ஆடில யாராச்சும் புது எடத்துக்குப் போவாங்களா, ஆடி கழியட்டும்னேன். அவ அன்னைக்குத்தான் சத்தம் போட்டா. எங்கிட்ட அப்படிப் பேசினதே இல்லீங்க.

"ஆவணி மொத வாரத்துக்குள்ள வரலைன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்னுட்டாங்கப்பா. என்னோட மெஷின் எப்பப் பாத்தாலும் பிரிஞ்சே கெடக்குது. எனக்கு மூச்சு முட்டுது"ன்னா.

ரூம்ல சூடு இல்லியே கண்ணுன்னேன்.

அவ என்னயவே பாத்தா. அடுத்த நாள்ல இருந்து நல்லா ஆயிட்டாங்க, பழைய மாதிரி. எங்கூட உக்காந்து வேலை கத்துக்கிட்டா. ட்யூப்ப எப்படி வெட்டறது, கிளாம்ப எவ்வளவு இறுக்கறது, தண்ணிய எந்தப் பக்கமாச் சாச்சு வடிக்கறது, எல்லாம் கேட்டுக் கேட்டுச் செஞ்சா. "இதக் கழட்டறப்ப எதப்பா மொதல்ல கழட்டோணும்?"னு கேட்டா. நான் வெலாவாரியாச் சொன்னேன். மனசுக்கு எவ்வளவு நெறைவா இருந்துது தெரியுமுங்களா. பொண்ணுக்கு ஆர்வம் வந்துருச்சு, இனி அந்த ஐதராபாத்து நெனப்பெல்லாம் மெதுவாப் போயிரும்னு... இல்ல, போகட்டும்னு நான் நெனைக்கல. போயிரும்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

ஆவணி பொறந்து மொத முகூர்த்தத்துல பெருந்துறைல எங்க பங்காளி வீட்டுக் காதுகுத்து. மூணு பேரும் போலாம்னேன். அம்சவேணி மூட்டு வலிங்கறா. தாரணி, பெட்டிய ஒரு தடவ நானே டெஸ்ட் போட்டுப் பாக்கறேன்ங்கறா. போடு சாமின்னுட்டு, நான் மட்டும் பஸ் ஏறிட்டேன். போயிட்டு விருந்து சாப்புட்டுட்டு மத்தியானத்துக்கு மேல வீடு திரும்புனேன். ரூம் கதவு சாத்தியிருக்குது. உள்ள பம்ப்பு ஓடற சத்தம். நெம்ப மெல்லமா இருக்கும், எனக்குத்தான் கேக்கும். சரி, புள்ள வேலை செய்யறா, தொந்தரவு பண்ண வேண்டாம்னு இங்கதாங்க, இதே சேர்ல உக்காந்தேன். அம்சவேணியும் அவளுக்குத் தொணையா உள்ள படுத்திருப்பான்னு நெனைச்சுக்கிட்டேன். தூங்கறவங்கள எதுக்கு எழுப்போணும்னு காப்பி கூடக் கேக்கல. டிவி சத்தத்தக் கொறைச்சு வெச்சுட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் போன் வந்துது. அம்சவேணி. ஏன், ரூம்ல இருந்துக்கிட்டே போன் பண்றியான்னேன். பின்னால ரயில் சத்தம் கேக்குது. "ஏனுங்க, ஈரோடு தாண்டிட்டோம். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சாப்புடுங்க. புள்ளைய எடம் பாத்து உக்கார வெச்சுட்டு வர்றேன்"னா. அவ்வளவுதாங்க. முப்பது வருசத்துல என்னயக் கேக்காம கோயிலுக்குக் கூடப் போகாதவ.

போயிக் கதவத் தொறந்தேன். லைட்டு எரியுது. தண்ணி ஓடுது. பெட்டி அப்படியே இருக்குது, தொடச்சு வெச்சுட்டுப் போயிருக்கா. கிட்டப் போயிப் பாத்தா போர்டு இல்ல, கார்டு இல்ல, ஒண்ணுமே இல்ல. புது ஃபேன் ரெண்டு முன்னாடியே வாங்கி அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்திருக்காங்க, வெறும் அட்டப் பெட்டி கெடக்குது. சாதாரணக் கேபினெட்டு ஒண்ணுல எல்லாத்தையும் மாட்டி எடுத்துட்டுப் போயிட்டா. தண்ணிய வடிச்சது அம்சவேணியாத்தான் இருக்கோணும், இட்லிக் குண்டா ஈரமாக் கவுத்தியிருந்துது. அப்பறம் பாருங்க, பிளாக்கு இருந்த எடத்துல ரெண்டு ட்யூப்பு முனையையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து, கிளாம்ப் போட்டு, தண்ணிய மறுக்கா ஊத்தி, பம்ப்ப ஓட விட்டுட்டுப் போயிருக்கா. நான் வந்தவொடனே சத்தம் இல்லாம இருக்கக் கூடாதுன்னு பண்ணிருப்பா போல. நான் அந்த ஜாயிண்ட்டத் தொட்டுப் பாத்தேங்க. ஒரு சொட்டு ஈரம் இல்ல. எங்கிட்ட வந்திருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அழுதேங்க. என்ன வெக்கம், அழுதேன்.

இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. நிறுத்துனா நின்ன தண்ணில பாசி புடிச்சுரும். கரண்டு ஒண்ணும் பெருசா இழுக்காது. அம்சவேணி வந்துருவா. டிக்கெட்டு கெடைக்கலையாம். தீவாளிக்குன்னா, இப்ப பொங்கலுக்குங்கறா. அங்க பக்கத்துலயே ஏதோ நர்சரி பள்ளிக்கூடமாமா, தமிழ்க் கொழந்தைங்களும் இருக்குதுகளாமா, அங்க போயிச் சொல்லிக் குடுக்கறாளாம். பொழுது போகோணும்ல, பாவம். போன்ல பேசறப்ப கொரலே வேற மாதிரி இருக்குது. அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலையோ என்னவோ.

சரி வாங்க, பாக்கலாம். இதுதான் ரூம். கை வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருக்குதா? சத்தம் கேக்குதா? கேக்காது, நான் சொன்னேன்ல. அட, ஸ்பேனரெல்லாம் கையோட கொண்டாந்திருக்கீங்களா. அத உள்ள வைங்க தம்பி. இது செவுத்தோட இருக்கறதுங்க. போல்ட்டு கழட்டுனா பூச்சு பேந்து வரும், பைப்பு ஒடியும். ரிவெட்ட அறுத்துப் பிரிச்சீங்கன்னா உங்களுக்கு ரெண்டு ஓட்டைத் தகடுதான் மிஞ்சும்.

ஒண்ணு பண்ணலாம். நீங்க எடிட்டிங் வேலைன்னுதான சொன்னீங்க? உங்க ரூம்ல மெஷின் சூடாகுதுன்னு சொன்னீங்கல்ல? அத இங்கயே கொண்டாந்து மாட்டிக்குங்க. நானே மாட்டித் தர்றேன். அந்த மேஜை, நாற்காலி எல்லாம் அவளுது, நல்லாத்தான் இருக்குது. ஜன்னலத் தொறந்தா காத்து வரும். காலைல வாங்க, ராத்திரி நேரமாயிட்டா இங்கயே படுத்துக்குங்க. சாப்பாடு நான் இப்பச் சுமாராச் செய்யறேன். வாடகை கீடகைன்னு பேச்செடுக்காதீங்க. ஒரு வாரம் இருந்து பாருங்க, புடிக்கலைன்னா எடுத்துட்டுப் போங்க, நான் எதுக்கும் குறுக்க நிக்க மாட்டேன்.

போறதுன்னா மட்டும், நான் வீட்டுல இருக்கறப்ப சொல்லீட்டுப் போங்க தம்பி.